சிங்கத்தின் தேய்ந்த கன்னம்

"ஊரார் கத்தியெல்லாம் பார்த்துச் சொல்றீங்க. என் வீட்டுக் கத்தியை மட்டும் தொட மாட்டேங்கிறீங்களே, ஹமீதாம்மா. இது என்ன நியாயம்?"

வந்ததும் வராததுமாகக் கேட்டார் தைரியநாதன்.

மலைமேல் இருந்த அந்தப் பழைய பட்டாளத்து ஊரில் நடுப்பகலிலும் பனிமூட்டம் இறங்கும். ஜன்னல் திறந்திருந்தால் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வந்து உட்காரும். ஹமீதாம்மா ஜன்னலைச் சாத்துவதே இல்லை.

பழைய ராணுவக் கத்திகளைப் பார்த்து, இது அசல், இது போலி என்று சொல்கிற ஹமீதாம்மாவுக்கு வயது நாற்பது. பதினோரு வருஷமாக அவரிடம் பாடம் கேட்கும் தைரியநாதனுக்கு ஐம்பத்து நாலு.

"நான் எங்கே தொட மாட்டேன்னேன்? நீங்கதான் கொண்டு வர்றேன் கொண்டு வர்றேன்னு வெறுங்கையோட வர்றீங்க."

தைரியநாதன் இன்று கொண்டு வந்திருந்த துணிச் சுற்றை அவிழ்த்தார்.

அணிவகுப்பு நாளில் அதிகாரிகள் இடுப்பில் தொங்கவிடும் அலங்காரக் கத்தி. கூர் கிடையாது. வெண்ணெய் வெட்டவும் உதவாது. வெள்ளிப் பூவேலை செய்த உறை. பிடியின் உச்சியில் ஒரு பித்தளைச் சிங்கத் தலை.

"ஞாயிற்றுக்கிழமை பட்டாளத்து மன்றத்துல அதிகாரிகள் படத்தையெல்லாம் வரிசையா மாட்டுறாங்க. அப்பா படத்துக்கும் ஆணி அடிச்சாச்சு. இதைப் போட்டிருந்தவர் அவர்தான்னு நீங்க ஒரு வரி எழுதித் தரணும்."

"தராட்டி?"

"ஆணியைப் பிடுங்கிடுவாங்க. அப்புறம் நான் அந்தத் தெருப்பக்கம் தலை காட்ட முடியுமா?"

ஹமீதாம்மா கத்தியைத் தொடவில்லை.

"கண்ணை மூடுங்கண்ணே."

"எதுக்கு?"

"உங்க கண்ணுக்கு ஆசை ஜாஸ்தி. விரலால பாருங்க."

மூடிக்கொண்டார். பனி முகத்தில் ஈரமாகப் பட்டது. உறையின் மேல் விரல் ஊர்ந்தது.

"வெளிப்பக்கம் பூவேலை நல்லா நெருடுது. உள்பக்கம்... மழமழன்னு இருக்கு."

"எதனால?"

"தொடையில உரசி." அவர் குரல் ஏறியது. "பெட்டியில கிடந்ததில்லைம்மா இது! போட்டுக்கிட்டு நடந்திருக்கார்!"

"யாரோ நடந்திருக்கார். இன்னும் மேலே போங்க."

எங்கோ தொலைவில் ஈர மைதானம் ஒன்றில் பூட்ஸுகள் வரிசையாகப் போயின. இல்லை, அது தன் நெஞ்சு அடித்துக்கொள்கிற சத்தம் என்று அவருக்குத் தோன்றியது. விரல் பிடியில் ஏறி, சிங்கத்தின் பிடரியைக் கடந்து, மூக்கைத் தேடியது.

"சிங்கத்துக்கு ஒரு கன்னமே இல்லை."

"எங்கே போச்சு? எலி தின்னுடுச்சா?"

"துடைச்சுத் துடைச்சுப் போயிருக்கு."

"எத்தனை நாள் துடைச்சா இப்படிப் போகும்?"

"நாளா! பித்தளை இவ்வளவு இறங்கணும்னா வருஷக்கணக்கா துடைச்சிருக்கணும். ஒருநாள் விடாம."

"அதிகாரி துடைப்பாரா?"

பனி அறைக்குள் இன்னும் கொஞ்சம் வந்தது.

"அதுக்கு ஆர்டர்லி உண்டு, எடுபிடிச் சிப்பாய்," என்றார் தைரியநாதன் மெதுவாக. ஹமீதாம்மாவிடம் பாடம் கேட்டதுதான்.

ஹமீதாம்மா ஒரு பழந்துணியை அவர் வலது கையில் வைத்தார்.

"துடைங்க."

துடைத்தார். கட்டைவிரல் கன்னத்தின் மேட்டில் இடறியது. திருப்பிப் பிடித்துத் துடைத்தார். வழுக்கிக்கொண்டு போனது.

"சரியா உட்காரலைம்மா."

"கையை மாத்துங்க."

"வேண்டாம்."

"ஏன்?"

"வேண்டாம்னா விடுங்களேன்!" கண் மூடியபடியே கத்தினார். பிறகு குரல் உள்ளே போய்விட்டது. "அப்பா இடதுகைக்காரர்."

ஹமீதாம்மா துணியைத் திரும்ப வாங்கவில்லை.

வெகுநேரம் கழித்து தைரியநாதன் தானாகவே கையை மாற்றினார்.

இடது கட்டைவிரல் சரிவில் இறங்கி, பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. தொட்டிலில் பிள்ளையைப் போட்ட மாதிரி. அங்கிருந்து எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்பதும் அதற்குத் தெரிந்திருந்தது. மேலிருந்து கீழே, ஒரு சின்ன வளைவு, திரும்ப மேலே.

"அதிகாரின்னு அவரே சொன்னாரா அண்ணே?"

"இல்லை. 'இது என்னோடது'ன்னு மட்டும்தான் சொன்னார். மிச்சமெல்லாம் நான் சொன்னது."

துணி பித்தளையில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஜன்னலும் சுவரும் பனியில் மறைந்துவிட்டன. அறை எங்கே முடிகிறது, மைதானம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை.

ஹமீதாம்மா காகிதத்தை எடுத்துப் பேனா மூடியைத் திருகினார்.

"சொல்லுங்க. மன்றத்துக்கு என்ன எழுதட்டும்?"

தைரியநாதன் கண்ணைத் திறக்கவில்லை. கையையும் நிறுத்தவில்லை.

"கொஞ்சம் பொறுங்கம்மா," என்றார். "அப்பா இன்னும் துடைச்சு முடிக்கலை."