ஐந்து எண்ணும் வரை

“அஞ்சு செகண்டு குடுத்துப் பாத்தாச்சு, சார். அப்பவும் பிள்ளைங்க வாயத் தொறக்கல” என்றார் தங்கபுஷ்பம்.

பேராசிரியர் மசூது கையில் இருந்த அட்டவணைகளை ஒருமுறை புரட்டிவிட்டு மேசைமேல் வைத்தார்.

“நாலு வருஷ ஆராய்ச்சி, சார். ஒண்ணுமில்லன்னு ஆயிருச்சு.”

 மசூது எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினார். அந்தச் சத்தம் இல்லாமல் வகுப்பு ஒலிப்பதிவுகளைக் கேட்க வேண்டும் என்றார்.

தங்கபுஷ்பத்துக்கு ஐம்பத்தொரு வயது. இருபத்தாறு வருடம் அறிவியல் ஆசிரியையாக இருந்தவர். கல்வி உளவியலில் முனைவர் பட்டம் வாங்குவதற்காக விடுப்பு எடுத்துக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு வந்திருந்தார். அவருடைய நெறியாளர் மசூதுக்கு நாற்பதுதான் ஆகிறது. முதல் நாள் அவர் அறைக்குள் வந்தபோது தங்கபுஷ்பம் எழுந்து நின்றார். மசூது கூச்சத்தோடு உட்காரச் சொன்னார். அன்றிலிருந்து இவர் அவரை சார் என்பார். அவர் இவரை டீச்சர் என்பார்.

இந்த வயதில் படிக்க வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது.

ஒரு பயிற்சி வகுப்புக்காக அவர் பாடம் நடத்துவதை யாரோ பதிவு செய்து கொடுத்திருந்தார்கள். வீட்டில் உட்கார்ந்து அதைக் கேட்டார். செடிக்குச் சாப்பாடு எங்கிருந்து கிடைக்கிறது என்று அவருடைய குரல் ஒரு பையனைக் கேட்டது. உடனே அதே குரல் பதிலையும் சொன்னது. அடுத்த கேள்வியிலும் அப்படித்தான். அதற்கு அடுத்ததிலும்.

கைபேசியில் நேரத்தை ஓடவிட்டு அளந்து பார்த்தார். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே ஒரு விநாடிகூட இல்லை.

தங்கபுஷ்பம் டீச்சர் ரொம்பப் பொறுமைசாலி என்று அந்தப் பள்ளியே சொல்லும். அவரும் அதை நம்பிக்கொண்டிருந்தார்.

 மூன்றாம் நாள் பல்கலைக்கழக விண்ணப்பம் வாங்கி வந்தார்.

ஆராய்ச்சி தெளிவாகவே தொடங்கியது. முப்பது பள்ளிகளுக்குப் போனார். அறுபது வகுப்புகளைப் பதிவு செய்தார். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாக அளந்தார். எல்லாரும் அவரைப் போலத்தான் இருந்தார்கள்.

பிறகு இருபது ஆசிரியர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார். பயிற்சி ரொம்ப எளிமையானது. கேள்வியைக் கேளுங்கள், மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள், அதன் பிறகு வாயைத் திறங்கள்.

நான்கு மாதம் கழித்து மறுபடியும் பதிவு செய்தார். இருபது பேரும் சொன்னபடியே ஐந்து விநாடி பொறுத்திருந்தார்கள். பிள்ளைகளின் பதில் மட்டும் மாறவே இல்லை. பேசுகிற நாலு பேர் பேசினார்கள். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

அது ஜனவரி மாதம். ஆய்வை மார்ச் கடைசிக்குள் ஒப்படைக்க வேண்டும். ஏற்கெனவே ஒருமுறை நீட்டிப்பு வாங்கியாயிற்று. இனிமேல் கிடையாது.

மின்விசிறி நின்ற அறையில் இருவரும் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மசூது ஒரு வெள்ளைத்தாளை இவர் பக்கம் தள்ளினார். விநாடியை அளக்க வேண்டாம் என்றார். அந்த ஐந்து விநாடிக்குள் காதில் என்ன விழுகிறதோ அதை மட்டும் எழுதச் சொன்னார்.

தங்கபுஷ்பம் எழுதினார்.

சாவிக்கொத்து குலுங்குகிறது.

சாக்பீஸால் மேசையில் தட்டும் சத்தம்.

“ம்… ம்… சொல்லு.”

பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டும் சத்தம். மறுபடியும் அதே சத்தம்.

புத்தகத்தில் அடுத்த பக்கம் திருப்பப்படுகிறது.

பதினோராவது பதிவில் ஓர் ஆசிரியை மூச்சுக்குள் முணுமுணுப்பது கேட்டது. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. அஞ்சு முடிந்ததும் நிம்மதியாக, “சரி, நானே சொல்லுதேன்” என்றது குரல்.

தங்கபுஷ்பத்துக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே அது நின்றுபோனது. அந்த ஆசிரியைக்கு எண்ணக் கற்றுக்கொடுத்தது அவர்தான்.

பேனாவைக் கீழே வைத்தார். சத்தம் போடாமல் எண்ணச் சொல்லி மறுபடியும் பயிற்சி கொடுக்கலாமா என்று கேட்டார். ஐந்துக்குப் பதிலாக எட்டு வைத்துப் பார்க்கலாமா என்றும் கேட்டார்.

மசூது பதிவை நிறுத்தினார்.

“நாளைக்கு நீங்க ஒரு வகுப்பு எடுங்க, டீச்சர்.”

தங்கபுஷ்பம் மறுத்தார். ஆய்வு செய்கிறவரே வகுப்பும் எடுத்தால் அந்தத் தரவு செல்லாது என்றார். இதை முதல் வருடத்திலேயே அவருக்குச் சொல்லிக்கொடுத்தது மசூதுதான்.

“நான் தரவு கேக்கலையே” என்றார் மசூது.

மறுநாள் காலையில் வள்ளியூர்ப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளிக்குப் பேருந்தில் போனார்கள். பள்ளிக்குப் பின்னால் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. வாசலில் மசூது கையை நீட்டினார். கைபேசியையும் கைக்கடிகாரத்தையும் கேட்டார். தங்கபுஷ்பம் கழற்றிக் கொடுத்தார். மசூது தன்னுடைய கடிகாரத்தையும் கழற்றி, எல்லாவற்றையும் பைக்குள் போட்டு இழுத்து மூடினார்.

ஏழாம் வகுப்பு. வகுப்பாசிரியர் நல்ல மனிதர். உதவியாக இருக்கட்டும் என்று முன்கூட்டியே விவரம் சொன்னார். முன்வரிசையில் நாலு பேர் கேட்ட கேள்விக்கு டக்டக்கென்று பதில் சொல்லிவிடுவார்கள். ஜன்னல் பக்கம் இருக்கிற இசக்கிபிரியா மட்டும் வாயைத் திறக்க மாட்டாள். அவளிடம் கேட்டு பீரியடை வீணாக்க வேண்டாம்.

மசூது கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

தங்கபுஷ்பம் நேராகப் பாடத்துக்கு வந்தார். இருபத்தாறு வருடப் பழக்கம். கையும் குரலும் தானாக இடத்தைப் பிடித்துக்கொண்டன. கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து ஜன்னல் கம்பியில் போட்டார். வெயிலும் காற்றும் சேர்ந்து பாடம் முடிவதற்குள் அதைக் காய வைத்துவிட்டன.

“இதுல இருந்த தண்ணி எங்க போச்சு?”

நாலு கைகள் உயர்ந்தன. நாலு பேரும் ஒன்றாகச் சொன்னார்கள்: “ஆவியாயிருச்சு, டீச்சர்.”

சரி என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

“நீ சொல்லும்மா. தண்ணி எங்க போச்சு?”

இசக்கிபிரியா எழுந்து நின்றாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

தங்கபுஷ்பத்தின் மனதுக்குள் எண்ணிக்கை தானாகவே தொடங்கிவிட்டது. ஒன்று. இரண்டு. முன்வரிசையில் ஒரு பையன் பதிலைக் கிசுகிசுத்தான். மூன்று. நான்கு. ஐந்து. பதில் அவருடைய உதட்டுக்கு வந்துவிட்டது.

அப்போது மசூதைப் பார்த்தார்.

மசூது இவரைப் பார்க்கவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து கழுத்தை நீட்டி அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் எங்கே போயிற்று என்பது தெரியாதவரைப் போலவும், அவளைக் கேட்டால்தான் தெரியும் என்பதைப் போலவும் இருந்தது அவருடைய முகம்.

தங்கபுஷ்பம் வாயை மூடிக்கொண்டார்.

இந்தக் கேள்வியை எத்தனை வகுப்பில் கேட்டிருப்பார். பிள்ளை என்ன சொல்லும் என்று தெரிந்துகொள்ள ஒருநாளும் அவருக்குத் தோன்றியதில்லை. இப்போது தோன்றியது. இந்தப் பிள்ளை அந்தக் கைக்குட்டையைப் பார்த்து என்ன நினைக்கிறாள்?

சாக்பீஸைக் கீழே வைத்தார். போய் ஜன்னல் ஓரமாக, அவளுக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

எண்ணிக்கை எங்கே விட்டுப்போனது என்று அவருக்கு நினைவில்லை. முன்வரிசை முதலில் நெளிந்தது. பிறகு அதுவும் அடங்கியது. வெளியே காற்றாலை சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. இசக்கிபிரியா கைக்குட்டையைத் தொட்டுப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். தன்னுடைய பாவாடையின் ஓரத்தை விரலால் பிடித்துத் தேய்த்தாள்.

“காத்துக்குள்ள போயிருக்கு, டீச்சர்” என்றாள். குரல் கரகரத்தது. தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். “ஆனா காத்துல எடம் இருந்தாத்தான் போவும்.”

தங்கபுஷ்பம் பேசவில்லை. அவளே தொடர்ந்தாள்.

“எனக்கு யூனிஃபார்ம் ஒண்ணுதான். மழைன்னா ராத்திரி காயப்போட்டாலும் காலையில ஈரமாத்தான் இருக்கும். அப்ப காத்துல முன்னயே தண்ணி நெறஞ்சிருக்கும்லா? இந்தத் தண்ணிக்கு எடம் இருக்காது. இன்னைக்கு எடம் இருக்கு.”

முன்வரிசைப் பையன்கள் நாலு பேரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். வாசலில் நின்றிருந்த வகுப்பாசிரியரும் பார்த்தார்.

அந்தப் பதில் ஏழாம் வகுப்புப் புத்தகத்தில் இல்லை. காற்றின் ஈரப்பதத்தை அவர்கள் இன்னும் இரண்டு வருடம் கழித்துத்தான் படிப்பார்கள்.

தங்கபுஷ்பம் எழுந்துபோய் அவள் சொன்னதை அப்படியே கரும்பலகையில் எழுதினார். கீழே அவள் பெயரையும் எழுதினார்.

திரும்பும்போது பேருந்தில் தங்கபுஷ்பம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அவருடைய பழைய வகுப்புகளில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் முகங்கள் மனதில் வரிசையாக வந்துகொண்டிருந்தன. பல முகங்கள் வந்தன. சிலருக்குப் பெயர் வரவில்லை.

நாங்குநேரி தாண்டிய பிறகு கேட்டார்.

“எவ்வளவு நேரம் ஆச்சு, சார்?”

“நானும் பாக்கல” என்றார் மசூது. பையைத் திறந்து கடிகாரத்தையும் கைபேசியையும் எடுத்துக் கொடுத்தார்.

தங்கபுஷ்பம் அழுதுகொண்டிருக்கிற ஆள் இல்லை. மறுநாளே எழுத உட்கார்ந்துவிட்டார். ஐந்து விநாடிப் பயிற்சியால் பலன் எதுவும் இல்லை என்பதை மறைக்காமல், அட்டவணைகளோடு அப்படியே எழுதினார். பயிற்சி தந்த முறையில் தவறு தன்னுடையது என்று ஒரு பத்தியில் ஒப்புக்கொண்டார். பிறகு ஆறாவது இயலைத் தொடங்கினார். இருபது பதிவுகளிலும் அந்த ஐந்து விநாடிகளில் ஆசிரியர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று எழுதினார். அந்த இயலில் ஓர் எண்கூட இல்லை.

எண் இல்லாத இயலைப் பார்த்தால் தேர்வாளர் ஆய்வையே திருப்பி அனுப்பிவிடலாம் என்று துறையில் இரண்டு பேர் எச்சரித்தார்கள். அதை எடுத்துவிட்டு ஒப்படைப்பதுதான் பாதுகாப்பு என்றார்கள். தங்கபுஷ்பம் மசூதிடம் போய், இயல் அங்கேயே இருக்கட்டும் என்றார். அனுமதி கேட்கவில்லை. தகவலாகத்தான் சொன்னார்.

மசூது கையெழுத்துப் போட்டார்.

மார்ச் இருபத்தெட்டாம் தேதி ஆய்வேடு ஒப்படைக்கப்பட்டது. ஐந்து மாதம் கழித்து வாய்மொழித் தேர்வு வந்தது.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் வயதில் மூத்தவர், கண்டிப்பானவர் என்று பெயர் எடுத்தவர். அறையில் முப்பது பேர் இருந்தார்கள். ஒரு மணி நேரம் கேள்விகள் ஆங்கிலத்தில் வந்தன. தங்கபுஷ்பமும் ஆங்கிலத்தில் பதில் சொன்னார். தடுமாறவில்லை. பள்ளிகளைத் தேர்ந்தெடுத்த விதம், பதிவு செய்த விதம், கணக்கிட்ட விதம் எல்லாவற்றையும் தேர்வாளர் துருவிக் கேட்டுவிட்டு ஆறாவது இயலுக்கு வந்தார்.

கண்ணாடியைக் கழற்றினார். அது நன்றாக எழுதப்பட்ட இயல்தான் என்றார். ஆனால் நாளைக்கு ஓர் ஆசிரியர் இந்த ஆய்வேட்டைத் திறந்தால் அவருக்கு ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும். ஐந்து விநாடி போதாது என்று நீங்களே நிரூபித்திருக்கிறீர்கள். அப்படியானால் எத்தனை விநாடி? கேள்வி கேட்ட பிறகு ஓர் ஆசிரியர் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்? ஒரே எண்ணில் சொன்னால் போதும்.

தங்கபுஷ்பம் உடனே பதில் சொல்லவில்லை. அவசரமும் காட்டவில்லை. நின்ற இடத்திலேயே அமைதியாக நின்றார்.

கேள்வி புரியவில்லையோ என்று தேர்வாளர் அதையே எளிமையாகக் கேட்க வாயெடுத்தார்.

“எந்தப் பிள்ளைக்கு, சார்?” என்றார் தங்கபுஷ்பம்.