சொகுசுப் படகுக்குத் திருஷ்டி

தூத்துக்குடியில் நூல் மில் வைத்திருந்த தனுஷ்கோடி முதலாளிக்கு ரொம்ப இளகிய மனசு. தீபாவளிக்குப் போனஸ் இல்லை என்று சொல்லும்போதே தொழிலாளிகள் முன்னால் தேம்பித் தேம்பி அழுதார். "மில் நஷ்டத்தில் ஓடுகிறது, பொறுத்தருள்க" என்று ஆளுயரப் பலகை எழுதி வாசலில் மாட்டினார். அந்தத் துக்கம் தாங்காமல் பொங்கலுக்குள் ஒரு சொகுசுப் படகும் வாங்கிவிட்டார். கடலில் மிதக்கிற அந்தப் படகுக்குள் ஒரு நீச்சல் குளம் வேறு!

வெள்ளோட்டத்துக்கு விருந்தாளிகள் வந்தார்கள். வேடிக்கை பார்க்க ஊரே கரையில் திரண்டது. முதலாளிக்குப் படகில் தொங்கிய திருஷ்டிப் பூசணிக்காய் போதாது என்று பட்டது. எடுபிடி எசக்கியைக் கூப்பிட்டார்.

"ஏலே, இத்தனை பேர் கண்ணு பட்டா என்னத்துக்கு ஆகும்? பாக்கறவன் பொறாமைப்படக் கூடாது, ஐயோ பாவம்னு சொல்லணும். அப்படி ஒண்ணு கொண்டாந்து கட்டு. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராத."

எசக்கி மில்லுக்கு ஓடினான். வாசல் பலகையைக் கழற்றி வந்து பூசணிக்காய்க்குப் பக்கத்திலேயே கட்டினான்.

விருந்தாளிகள் வாசித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"என்னலே இது?" முதலாளி முகம் கறுத்துவிட்டது.

"நீங்க கேட்டதுதான் மொதலாளி. இதைப் படிச்சுத்தான அன்னிக்கு நாங்க அத்தனை பேரும் உங்களுக்காகப் பாவப்பட்டோம்?"

அதற்குள் மில்லில் நூல் சுற்றும் பேச்சித்தாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, பத்து ரூபாயை எடுத்து முதலாளி கையில் வைத்தாள்.

"நஷ்டத்துல இருக்கீங்க. டீசலுக்கு வச்சுக்கிடுங்க."

அவளுக்குப் பின்னால் வரிசை நின்றது.