சரக்குத் தீரும் வரைக்கும் டவுன்லோடு

பனையங்குளத்தில் ‘சூறாவளி’ ஆதிரனுக்கு ஒரு ரசிகர் மன்றம் உண்டு. இசக்கிப்பாண்டி தலைவர், சொரிமுத்து செயலாளர், ஆவுடையப்பன் பொருளாளர். மூன்று பேருக்கும் சேர்த்தே மூளை கொஞ்சம் கம்மி. பாசம் மட்டும் லாரி லோடு.

ஆதிரனுக்கு அடுத்தடுத்து இரண்டு படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. “மூணாவதும் உங்க ஊர்ல இருபத்தஞ்சு நாள் ஓடட்டும். நானே நேர்ல வந்து உன் மாலையை வாங்கிக்கறேன்” என்று இசக்கிப்பாண்டிக்குப் போனிலேயே வாக்குக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து பாவம் மனுஷன், தூக்கத்தில்கூட மாலை போடுகிற மாதிரி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டுதான் படுத்தான்.

படம் வந்த அன்று சாயங்காலமே திருட்டு வெப்சைட்டிலும் வந்துவிட்டது. ஆதிரன் கொதித்துப்போய் எல்லா மன்றத்துக்கும் பேசி அனுப்பினார்: “அந்த சைட்ல நம்ம படம் ஒண்ணுகூட இருக்கக் கூடாது!”

மன்றம் அவசரமாகக் கூடியது.

“எப்படிலே இல்லாம ஆக்குறது?” என்றான் இசக்கிப்பாண்டி.

“ரேஷன் கடையில சீனி எப்படி இல்லாமப் போகுது?” என்றான் ஆவுடையப்பன். “நாமளே மொத்தத்தையும் எடுத்துட்டா அடுத்தவனுக்கு என்ன மிச்சம் இருக்கும்?”

அடேயப்பா! இப்படியொரு யோசனையை அந்த மன்றம் அதுவரை கேட்டதே இல்லை. நாற்பது பேரும் போனை எடுத்து டவுன்லோடு பண்ண உட்கார்ந்தார்கள். ஆளுக்கு ஒன்று இறக்கிவிட்டுப் பார்த்தால், படம் அங்கேயே இருக்கிறது.

“அடுத்த மூட்டையைப் பிரிச்சுட்டான்” என்றான் சொரிமுத்து. “விடாதீங்கலே!”

போன் நிறைந்துபோனது. ஆவுடையப்பன் தன் கல்யாண வீடியோவை அழித்து இடம் பண்ணினான். “இறக்கின படத்தையே அழிச்சுட்டா என்னண்ணே?” என்று ஒருத்தன் கேட்டான்.

“கோட்டிக்காரப் பயலே, அழிச்சா அது திரும்ப அவன்கிட்டயே போயிரும்லா!” என்று அதட்டினான் இசக்கிப்பாண்டி.

இவ்வளவு இறக்கியும் ஒருத்தனும் ஒரு காட்சிகூடப் பார்க்கவில்லை. திருட்டுப் படம் பார்ப்பது பாவமாயிற்றே!

நாலாம் நாள் காலையில் சைட் படுத்துவிட்டது. “சரக்குத் தீந்துட்டுலே!” என்று வெடி போட்டு, மாலையும் கையுமாகத் தியேட்டருக்கு ஓடினார்கள். அங்கே வேறு படத்துக்குப் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

“உங்க படத்தைத் தூக்கியாச்சு” என்றார் தியேட்டர்காரர் புன்னைவனம். “ஈ, காக்கா வரல. ஏன்லே, நீங்க நாப்பது பேராவது வந்திருக்கக் கூடாதா?”

“எப்படி அண்ணாச்சி வர? படத்தைக் காப்பாத்துற வேலையில மூச்சு விட நேரமில்ல!”

இசக்கிப்பாண்டி மாலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தியேட்டர் படியிலேயே உட்கார்ந்து அழுதான். பத்து வருஷ ஆசை அவனுக்கு. பார்க்கவே பாவமாக இருந்தது.

அப்போது சொரிமுத்து போனை நீட்டினான். சைட் திரும்ப வந்திருந்தது. முதல் பக்கத்திலேயே ஆதிரன் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே கொட்டை எழுத்தில்: ‘நாலு நாளாக முதலிடம்! பனையங்குளத்து மக்களுக்கு நன்றி!’

“அண்ணே, படம் இங்க ஓடுது! நம்ம ஊர் பேரையும் போட்டிருக்கான்!”

இசக்கிப்பாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு விரல் விட்டு எண்ணினான்.

“அப்போ இன்னும் இருபத்தோரு நாள்தானேலே! எல்லாரும் உக்காருங்க, போனை எடுங்க. ஏ ஆவுடையப்பா, மாலைக்குக் கொஞ்சம் தண்ணி தெளி. அவர் வாரப்போ வாடிப்போயிருந்தா நல்லாருக்காது.”