பால்வண்ணத்தின் காரும் ஒரு வெள்ளைத் தாளும்

இதில் ஒரு சொல் பொய்யென்றால், என் வாயில் மிச்சமிருக்கும் மூன்று பற்களும் இந்த நிமிஷமே உதிரட்டும். அத்தனையும் சத்தியம். காக்கைகள் விஷயம் உட்பட.

சங்கரன்கோவிலில் பால்வண்ணம் என்று ஒருவர். லேமினேஷன் கடைக்காரர். ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், மார்க் ஷீட் என்று ஊரில் அழியக்கூடாத காகிதமெல்லாம் அவர் மெஷினுக்குள் நுழைந்துதான் வெளியே வரும். கை சும்மா இருக்காது. மனைவி ஆவுடைத்தங்கம் எழுதிய மளிகைச் சீட்டையே லேமினேட் செய்து வைத்துக்கொண்டு, மாதாமாதம் அதையே கடையில் நீட்டினார். ஆறு வருஷமாக அந்த வீட்டில் ஒரே குழம்பு.

அப்பேர்ப்பட்டவர் ஐம்பத்தோராம் வயதில் கார் வாங்கினார். கருநீலம். அதில் முகம் பார்த்துத் தலை சீவலாம். கோயில் வாசலில் பூஜை போட்டபோது, பானெட்டில் சந்தனம் குங்குமம் வைக்க ஐயர் கையை நீட்டினார். பால்வண்ணம் குறுக்கே ஒரு பிளாஸ்டிக் தாளைப் பிடித்தார். பொட்டு தாளில் விழுந்தது. சக்கரத்துக்கு அடியில் வைக்கும் எலுமிச்சம்பழங்களையும், சாறு தெறிக்கக்கூடாதென்று, பிளாஸ்டிக் பையில் போட்டிருந்தார். அவை நசுங்காமல் வழுக்கித் தேரடி வரை ஓடின. ஆவுடைத்தங்கம் பின்னாலேயே ஓடிப் பொறுக்கி வந்தாள்.

கார் விற்றவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பெயிண்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத பிலிம் ஒன்று ஒட்டலாம், கல் தெறித்தாலும் கீறல் விழாது என்று சொல்லி வைத்தார். விலையையும் சொன்னார். அந்த விலைக்கு ஒரு மோட்டார் பைக் வாங்கி, அதற்கும் உறை தைத்துவிடலாம்.

ஒட்டினால் காசு போச்சு. ஒட்டாவிட்டால் கார் போச்சு. முடிவு தெரிகிறவரை கார் கொட்டகையிலேயே நின்றது. நான்கு மாதம். சுற்றிலும் மெத்தை. கொட்டகைக்கு மேலே வேப்பமரம். காக்கை எச்சமிடுமே என்று கிளை கிளையாக லேமினேஷன் சுற்றினார். உட்கார வந்த காக்கைகள் வழுக்கி வழுக்கி விழுந்தன. கடைசியில் மனசு விட்டுப்போய், வரிசையாக நடந்தே ஊரைவிட்டுப் போயின.

இந்த நிலைமையில் தென்காசியில் ஆவுடைத்தங்கத்தின் அக்கா மகளுக்கு வளைகாப்பு வந்தது. காரில்தான் வருவோம் என்று அவள் சொந்தம் பூராவும் சொல்லியாயிற்று. அவள் சத்தம் போடவில்லை. அதுதான் பால்வண்ணத்துக்குப் பயமாக இருந்தது.

"ஞாயித்துக்கிழமை கார் கிளம்பலைன்னா, சீர்த்தட்டை மடியில வச்சுக்கிட்டு பஸ்ல போயிருவேன். ஏன்னு கேட்டா உள்ளதைச் சொல்லுவேன். திரும்பி வாரதப் பத்தி அப்புறம் பாப்போம்."

மறுநாளே பால்வண்ணம் கிளட்ச் சாமியாரைத் தேடி ஓடினார். சாமியார் இருபத்தெட்டு வருஷம் லாரி ஓட்டிவிட்டு, மலையடிவாரத்தில் ஓரங்கட்டியவர். கேள்வி கனமாக இருந்தால் அவருடைய இடது கால் தானாகத் தரையை மிதிக்கும். கியர் மாறிய பிறகுதான் பதில் வரும்.

"சாமி, பிலிம் ஒட்டலாமா, வேண்டாமா?"

"கார் எங்கவே?"

"வீட்டுல நிக்கி."

"நீரு எதுல வந்தீரு?"

"பஸ்ல."

இடது கால் மிதித்தது.

"உம்ம கடைக்கு ஒருத்தன் வாரான். எழுத்தே இல்லாத வெள்ளைத் தாளை நீட்டி, லேமினேட் பண்ணிக் குடும்னு கேக்கான். என்ன சொல்லுவீரு?"

பால்வண்ணம் சிரித்துவிட்டார்.

"ஏதாவது எழுதிக் கொண்டாரும்னு சொல்லுவேன்."

சாமியார் பக்கத்திலிருந்த சொம்பை எடுத்தார். மோரைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டார். பஸ் பாதி தூரம் வந்த பிறகுதான் பால்வண்ணத்தின் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை கார் கிளம்பியது. என்ன வேகம் என்று கேட்காதீர்கள். முதல் பத்து கிலோமீட்டரில் இரண்டு மாட்டுவண்டிகள் முந்திப் போயின. அதில் ஒரு வண்டிக்காரர் திரும்பிப் பார்த்து, உடம்புக்கு முடியலையா என்று விசாரித்தார்.

சுரண்டை தாண்டியதும் முன்னால் ஒரு ஜல்லி லாரி. அதிலிருந்து ஒரே ஒரு கல் கிளம்பியது. டிக். பானெட்டின் நட்டநடுவில்.

பால்வண்ணம் வண்டியை நிறுத்தி இறங்கினார். பார்த்தார். இழவு வீட்டில் உட்காருவதுபோல் ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். ஆவுடைத்தங்கம் சீர்த்தட்டோடு இறங்கி வந்தாள். மிளகளவு பள்ளம். தட்டிலிருந்து மோதிர விரலால் குங்குமத்தைத் தொட்டு, அதன் மேலேயே வைத்தாள்.

"இப்பதான் பூஜை முடிஞ்சுது. ஏறுங்க, நேரமாகு."

அதன் பிறகு மாட்டுவண்டிகளை அவர் முந்தினார் என்று கேள்வி.

திரும்பும் வழியில் காரை நேரே சாமியாரிடம் ஓட்டிப் போனார்கள். சாமியார் காரை ஒரு சுற்று சுற்றினார். குனிந்து பானெட்டைப் பார்த்தார்.

"யாரு எழுதுனது?"

"ஜல்லி லாரி, சாமி."

"பொட்டு?"

பால்வண்ணம் காருக்குள் இருந்தவளைக் கண்ணால் காட்டினார்.

"அப்ப இனி பிலிமை ஒட்டும்."

பால்வண்ணத்துக்கு நான்கு மாத பாரம் இறங்கியது. குங்குமத்தைச் சுத்தமாகத் துடைத்து, அந்தப் பள்ளத்தைப் பெயிண்ட் வைத்து அடைத்துவிட்டு, நாளைக்கே பிலிம் ஒட்டச் சொல்கிறேன் என்று மளமளவென்று சொன்னார்.

இடது கால் மிதித்தது.

"உம்ம கல்யாணப் போட்டோவை லேமினேட் பண்ணித்தானே மாட்டியிருக்கீரு? அதுக்கு முன்னால பொண்டாட்டி மூஞ்சியை அழிச்சீரா?"

பால்வண்ணம் துடைக்க எடுத்த துணியை மடித்துப் பைக்குள் வைத்தார். காருக்குள்ளிருந்து வளைகாப்பு வளையல்களின் சத்தம் மட்டும் கேட்டது.

அவ்வளவுதான். இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், சொன்னது யார் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். என் ஆதார் அட்டை பால்வண்ணத்தின் கடையில் கிடக்கிறது, இன்னும் மெஷினுக்குள் போகவில்லை. அதோடு, அந்த மாட்டுவண்டி விஷயத்தைச் சொன்னதிலிருந்து எனக்கு ஒரு பல் லேசாக ஆடுகிறது.