குதிக்கும்போது காணாமல் போகும் ஸ்வரம்

“என் பாட்டுல ஓட்டை விழுதுங்க, மேடம்,” என்றார் குழந்தைவேலு.

கோபம் வந்தால்தான் அவருக்கு ‘மேடம்’ வரும். மற்ற நாளெல்லாம் ‘அம்மணி’தான்.

சிந்துஜா திரையிலிருந்து தலையைத் திருப்பவில்லை.

“எந்த எடத்துலங்க?”

“அவ குதிக்கற எடத்துல எல்லாம்.”

அவள் என்பது சிந்துஜா செய்துகொண்டிருந்த வீடியோ கேமின் நாயகி. காணாமல் போன ஆற்றைத் தேடிக் குகை குகையாக ஏறி இறங்குகிறவள். திரையில் பதினாறு புள்ளி உயரம், நீலத் தாவணி, முகத்துக்கு நாலே புள்ளி. நாற்பது வருடத்துக்கு முந்தைய கேம் மாதிரியே இருக்க வேண்டும் என்று சிந்துஜாவுக்குப் பிடிவாதம். சத்தத்திலும் அதே கஞ்சத்தனம். ஒரு நேரத்தில் மூன்று குரல்தான், அதாவது மூன்று தனித்தனிச் சத்தம்தான், ஒலிக்கும். அவள் குதித்தால் ‘டொய்ங்’ என்று ஒரு சத்தம் வர வேண்டுமே, அதற்கு மெட்டின் குரலைப் பிடுங்கிக்கொள்ளும். அந்த ஒரு ஸ்வரம் அம்போ.

குழந்தைவேலுவுக்கு வயது ஐம்பத்தாறு. கோயமுத்தூர் மெல்லிசைக் குழுக்களில் முப்பது வருடம் கீபோர்டு வாசித்தவர். கல்யாண வீடு, மாரியம்மன் கோயில் நோன்பி, எந்த மேடையானாலும் அடுத்தவர் மெட்டு. சொந்தப் பெயரில் வரப்போகும் முதல் மெட்டு இதுதான். இந்தப் பழைய பாணி பிடிபடத்தான் மூன்று மாதமாகத் தன் மகள் வயதுப் பெண்ணிடம் சிஷ்யனாக வந்துகொண்டிருக்கிறார். அதில் அவருக்குக் கூச்சமே இல்லை. ஆனால் முதல்முதலாகப் பெயர் போடும் பாட்டே பொத்தலாக வந்தால் வயிறு எரியாதா?

“அடைச்சுக் குடுங்க. இல்லாட்டி என் பேரை எடுத்துருங்க.”

சிந்துஜா திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

“குகை வாசல்ல அவ எப்படி நிக்கறா?”

“பயந்துட்டு நிக்கறா.”

“பயத்தை எங்கீங்க வரைஞ்சிருக்கேன்?”

குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டும் பார்த்தார். நாலு பழுப்புப் புள்ளிதான். கண்கூட இல்லை.

“படம் வேற, பாட்டு வேற மேடம். மழுப்பாதீங்க.”

“சரிங்க,” என்றாள்.

வாதமே செய்யவில்லை. ‘டொய்ங்’குக்கென்று தனியாக நாலாவது குரல் ஒன்றைக் கொடுத்தாள். பத்து நிமிட வேலை. ஓட்டை அடைபட்டது. குழந்தைவேலு போட்டுக் கேட்டார். நாயகி எத்தனை குதித்தாலும் மெட்டு சிந்தாமல் சிதறாமல் ஓடியது. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

அப்போதுதான் சம்பூர்ணம் வந்தாள். கீழே பிளவுஸ் தைக்கிறவள். மதியம் சாப்பிட்டதும் மேலே வந்து அரைமணி நேரம் இந்தக் கேமை விளையாடுவது ஒரு மாதமாக அவளுக்கு வழக்கம். எப்போதும் சாயங்காலம் வருகிற குழந்தைவேலு இன்றுதான் அவளைப் பார்க்கிறார்.

உட்கார்ந்தாள். நாலு பள்ளம் தாண்டியிருப்பாள். கையிலிருந்த கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டாள்.

“ஏன் கண்ணு, பாட்டுல கை வெச்சயா?”

“ஆமாங்க்கா. நல்லா இருக்குதா?”

“என்னத்த நல்லா? நான் பாடற எடத்துல வேற யாரோ பாடறாங்க.”

குழந்தைவேலுவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. “நீங்க எங்கீங்க பாடறீங்க?”

“அவ குதிக்கறப்ப. அங்க நாந்தானுங்க பாடோணும்?”

இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

சிந்துஜா திரையைத் தன் பக்கம் இழுத்தாள். நாலாவது குரலை எடுத்துவிட்டாள்.

சம்பூர்ணம் மறுபடியும் கன்ட்ரோலரை எடுத்தாள். நாயகி ஓடினாள். பள்ளம் வந்தது. குதித்தாள். ‘டொய்ங்.’ மெட்டு வாயை மூடிக்கொண்டது.

“தா,” என்றாள் சம்பூர்ணம்.

அவள் கண் திரையைவிட்டு நகரவில்லை. தான் பாடியதே அவளுக்குத் தெரிந்த மாதிரி இல்லை. நாயகி அந்தப் பக்கம் இறங்கினாள், மெட்டு தொடர்ந்தது.

குழந்தைவேலு எழுதிய ஸ்வரம் அல்ல அது. அரை ஸ்வரம் கீழே இருந்தது. திருத்துவதற்கு வாயைத் திறந்தார். அதற்குள் அடுத்த பள்ளம். இந்தத் தடவை அவள் பாடியது வேறொன்று, கொஞ்சம் மேலே, கொஞ்சம் நீளம். திறந்த வாயை மூடிக்கொண்டார்.

சிந்துஜா அவர் பக்கம் சாய்ந்தாள்.

“அப்புறமுங்க? ஓட்டையை அடைச்சிரட்டுங்களா, பேரை எடுத்துரட்டுங்களா?”

“ஷ்... பேசாதீங்க, அம்மணி,” என்றார் குழந்தைவேலு. “அந்தம்மா குதிக்கப் போறாங்க.”