ஒரு சாண் குழல்

"நீளக் குழலா, குட்டைக் குழலா? நீங்கதான் சொல்லணும், தாயி" என்று கேட்டான் ஒச்சப்பன்.

வெள்ளத்தாய் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

அவன் வயதில் அவளைவிட மூத்தவன். ஆனாலும் அவளிடம்தான் வேட்டை படித்தான். அந்த மலையடியில் துப்பாக்கி தூக்குகிற ஆண்கள் எல்லோருக்கும் அவள்தான் குரு. அங்கே அதை யாரும் அதிசயமாக நினைப்பதில்லை.

ஒச்சப்பன் சாக்கைப் பிரித்தான். உள்ளே இரண்டு ரிவால்வர் இருந்தன.

ஜமீன் வீட்டில் கொடுத்தவை. கரடி, பன்றி சுடுகிற பெரிய குண்டு ரிவால்வர். இரண்டுக்கும் ஒரே குண்டுதான். குழல்தான் வேறே. ஒன்றுக்கு ஒரு சாண் நீளம். மற்றதுக்கு நாலு விரல்.

"ஒண்ணை வச்சுக்கிட்டு ஒண்ணைத் திருப்பித் தரச் சொன்னாங்க."

"உங்க பெரிய துப்பாக்கிக்கு என்ன?"

"அந்தப் புதருக்குள்ள தவழ்ந்துல்ல போகணும். அதைத் தூக்கிக்கிட்டு எப்படித் தவழுறது?"

குரு ஒரு காம்பை எறிந்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

அவன் ஒரு பன்றியைப் பரண்மேல் இருந்து சுட்டிருந்தான். விலாவைக் காட்டி நிற்கும்வரை பொறுக்கணும் என்பது அவள் சொல்லிக் கொடுத்தது. அவன் பொறுக்கவில்லை. குண்டு பின்தொடையில் பட்டது. பன்றி விழவில்லை. கத்திக்கொண்டே ஓடி, ஓடைக்கரை உண்ணிப்புதருக்குள் புகுந்துகொண்டது.

ஊருக்குத் தண்ணீர் அந்த ஓடையில்தான். வழியோ புதரை ஒட்டித்தான் போகிறது.

அன்றிலிருந்து பெண்கள் யாரும் ஓடைக்குப் போகவில்லை. மேட்டுக் கிணற்றில் உவர்த்தண்ணீர் இறைத்துக் குடித்தார்கள். குளிப்பதும் இல்லை, துவைப்பதும் இல்லை. பிள்ளைகளின் பீத்துணிகூட அலசாமல் மூலையில் கிடந்தது.

அடிபட்டதை அடித்தவன்தான் முடிக்க வேண்டும். வேறு ஒருத்தன் போகக் கூடாது. அது அந்த ஊர் வழக்கம்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. அடிபட்ட விலங்கு காட்டில் கிடக்கிறவரை அடித்தவன் வீட்டு அடுப்பில் உப்புப் போடமாட்டார்கள். அவன் போய் அதை முடிக்கணும். வெடிச் சத்தம் கேட்டதும் அவன் வீட்டுப் பெண் கையில் உப்போடு போவாள். விலங்கு விழுந்த இடத்திலேயே அவன் நாக்கில் உப்பை வைப்பாள். அதற்கப்புறம்தான் அவன் ஊருக்குள் வரலாம்.

ஒரு வெடி கேட்டால் முடிந்தது என்று அர்த்தம். இரண்டாவது வெடிக்குக் காத்திருப்பது அவனுக்கு அவமானம். எந்தப் பெண்ணும் காத்திருக்கமாட்டாள்.

"ஊர்ல என்ன பேசுறாங்க?" என்று கேட்டாள் குரு.

"ஒச்சப்பன் பன்னி வளர்க்கிறானாம். குட்டி போட்டா எங்களுக்கும் ஒண்ணு குடுன்னு கேட்கிறானுக."

"இருளாயி?"

இருளாயி அவன் பெண்சாதி.

"சுட்டது நீ, உப்பில்லாக் கஞ்சி எனக்குமான்னு கேட்கிறா. நாக்கே மரத்துப்போச்சாம். உன்னைக் கட்டுனதுக்கு அந்தப் பன்னியக் கட்டியிருந்தா கிழங்காச்சும் தோண்டிக் குடுத்திருக்கும்ங்கிறா."

குரு சிரித்தாள். அவனும் சிரித்தான். பாதியிலேயே அவன் சிரிப்பு நின்றுவிட்டது.

"பயமா இருக்கு, தாயி."

"ம்."

"சோறு இறங்கல. கண்ணை மூடினா அது மூச்சு விடுற சத்தம் கேட்குது."

"அதனால குழல் பார்க்கிறீங்க."

"ஆமா. நீளம்னா குறி நிக்கும். குண்டு வேகமாப் போகும். சுட்டா மூஞ்சிக்கு எகிறாது. ஆனா திரும்புறப்பக் கொடியில மாட்டும். குட்டைன்னா சட்டுனு வரும். ஆனா எகிறும், குறி நிக்காது. இதையே நினைச்சு நினைச்சு மண்டை காயுது."

குரு கீரைத் தட்டை ஓரமாக வைத்தாள். எழுந்து போய் விறகுக்கட்டிலிருந்து இரண்டு குச்சி உருவினாள். ஒன்றை ஒரு சாணுக்கு ஒடித்தாள். இன்னொன்றை நாலு விரலுக்கு ஒடித்தாள். இரண்டின் நுனியையும் அடுப்புக்கரியில் தோய்த்தாள்.

"வாங்க" என்றாள்.

வீட்டுக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு உண்ணிச்செடி மண்டிக் கிடந்தது. அவனை அதற்குள் குந்தச் சொன்னாள். நீளக் குச்சியைக் கையில் கொடுத்தாள்.

"நான்தான் பன்னி. சத்தம் கேட்டதும் சுடணும்."

அவன் குந்தினான். முன்னால் இலைதான். பக்கத்திலும் இலைதான். குரு எந்தப் பக்கம் போனாள் என்றே தெரியவில்லை.

ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. வெறும் விளையாட்டுத்தான். இருந்தாலும் உள்ளங்கை வேர்த்தது.

முதுகுக்குப் பின்னால் சருகு நொறுங்கியது.

திரும்பினான். குச்சி ஒரு கிளையில் மாட்டியது. அவன் இழுப்பதற்குள் குரு எதிரே நின்றாள்.

"செத்துட்டீங்க" என்றாள்.

குட்டைக் குச்சியைக் கொடுத்தாள். மறுபடியும் மறைந்தாள்.

சருகு நொறுங்கியது. அவன் திரும்பினான். குச்சி எதிலும் மாட்டவில்லை. நேராகப் போய்க் குருவின் நெஞ்சில் குத்தியது.

"பொழைச்சேன், தாயி" என்றான். முகமெல்லாம் வெளிச்சமாக இருந்தது.

குரு குனிந்து தன் சேலையைப் பார்த்தாள். மஞ்சள் சேலை. நெஞ்சுக்கு நேரே கரி வட்டமாக ஒட்டியிருந்தது.

"நீங்க பொழைச்சீங்க" என்றாள்.

வீட்டு வாசலுக்கு வந்தார்கள். குரு குட்டைக் குழல் ரிவால்வரை எடுத்துச் சாக்கில் போட்டுக் கட்டினாள். நீளக் குழலை அவன் கையில் வைத்தாள்.

ஒச்சப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"தாயி, மாத்திக் குடுத்துட்டீங்க."

"மாத்தலை."

"இது சிக்கும்."

"சிக்கும்."

"சிக்குனா நான் செத்தேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன்."

"நீங்களாச்சும் கூட வாங்களேன்."

"சுட்டது நானா, அண்ணே?"

அவள் கீரைத் தட்டை மறுபடியும் மடியில் வைத்துக்கொண்டாள். அவன் நீளக் குழலை இடுப்பில் செருகிக்கொண்டான். அப்புறம் போனான்.

மறுநாள் வெயில் ஏறினதும் புதருக்குள் நுழைந்தான்.

இருளாயி ஓடை வழி முடிகிற இடத்தில் நின்றாள். கையில் உப்பை மூடி வைத்திருந்தாள். அன்றைக்கு அவள் கேலி எதுவும் பேசவில்லை.

"பார்த்துப் போய்யா" என்றாள். அவ்வளவுதான்.

உள்ளே தவழத்தான் முடிந்தது. வெயில் நுழையவில்லை. உண்ணிப்பூ நாற்றம் ஒரு பக்கம், அழுகின புண் நாற்றம் ஒரு பக்கம். ஈ மொய்க்கிற சத்தம் கேட்டது. எங்கிருந்து என்று தெரியவில்லை. நாலாபக்கமும் கேட்கிற மாதிரி இருந்தது.

அவனுக்கு ஒன்றுக்கு வந்தது. அடக்கிக்கொண்டான்.

கொஞ்சதூரம் போனதும் நிமிர்ந்து குந்துகிற அளவுக்கு இடம் கிடைத்தது. அங்கே காய்ந்த ரத்தம். பக்கத்தில் உரசின மண்.

முன்னால் ஒரு செடி அசைந்தது.

விலாவைப் பார்க்கணும், பொறுக்கணும் என்பதெல்லாம் அவன் நினைவிலேயே இல்லை. விரல் தானாக அழுத்திவிட்டது.

வெடித்தது. காது அடைத்துக்கொண்டது. புகை கலைந்தபோது ஒரு கீரிப்பிள்ளை ஓடுவது தெரிந்தது. குண்டு ஒரு கட்டையைப் பிளந்திருந்தது.

இப்போது பன்றிக்கு அவன் இருக்கிற இடம் தெரிந்துபோயிற்று.

அவனுக்கு உடம்பு நடுங்க ஆரம்பித்தது. முன்னால் பார்த்தான். பக்கத்தில் பார்த்தான். காதில் ஒரே இரைச்சல். ஈ இரைகிறதா, காதுதான் இரைகிறதா என்று தெரியவில்லை.

அந்த இரைச்சலுக்குள், முதுகுக்குப் பின்னால், சருகு நொறுங்கியது.

கிட்டத்தில்தான். அவனைப் பார்த்துத்தான் வந்தது.

ஒச்சப்பன் திரும்பினான். விசையில் விரல் இருந்தது. கை சுற்றிவந்தது, குழல் வரவில்லை. ஒரு கொடி குழலைப் பிடித்துக்கொண்டது.

இழுத்தான். வரவில்லை.

அழப்போனான். செத்தேன் என்றுதான் நினைத்தான்.

இலைக்கு நடுவே முதலில் ஒரு கை வந்தது. மூடின கை. அப்புறம் இரண்டு கண்ணாடி வளையல்.

"முடிஞ்சுதா?" என்று கேட்டாள் இருளாயி. "வெடி கேட்டுச்சே."

விரலை விசையிலிருந்து எடுக்கப் பார்த்தான். விரல் விறைத்துப்போயிருந்தது. இன்னொரு கையால் பிடித்துத்தான் அதை எடுத்தான்.

"ஏன்யா இப்படி முழிக்கிற? பன்னி எங்க?"

அப்போது இரண்டு பேருக்கும் அந்தச் சத்தம் கேட்டது. நெஞ்சில் சளி கட்டின பிள்ளை மூச்சு விடுமே, அந்த மாதிரி.

அவளுக்கு வலதுபக்கம். சாய்ந்து கிடந்த மரத்துக்கு அடியில். அவ்வளவு நேரமும் அங்கேதான் கிடந்திருக்கிறது. அவன் அதைத் தாண்டித்தான் தவழ்ந்து வந்திருக்கிறான்.

பன்றி முன்னங்காலை ஊன்றி எழுந்தது.

இருளாயி கத்தவில்லை. கையை மட்டும் இன்னும் இறுக்கி மூடிக்கொண்டாள்.

ஒச்சப்பன் இந்தத் தடவை குழலை இழுக்கவில்லை. கொடியைப் பார்த்தான். இடதுகையால் அதைத் தூக்கிக் குழலை விடுவித்தான். நடுக்கம் நின்றபாடில்லை. நடுக்கத்தோடேயே நகர்ந்து அவளுக்கு முன்னால் வந்தான்.

பன்றி பின்காலை இழுத்துக்கொண்டு பாய்ந்தது.

குழலுக்கும் அதன் நெற்றிக்கும் நடுவே இடமே இல்லாமல் ஆனபோது சுட்டான்.

அப்புறம் ரொம்ப நேரம் புகை.

இருளாயி கையைத் திறந்தாள். வேர்வையில் உப்பு பாதி கரைந்திருந்தது. மிச்சத்தை வழித்து அவன் நாக்கில் வைத்தாள்.

"கரிக்குதா?" என்று கேட்டாள்.

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் அவன் குருவின் வாசலுக்கு வந்தான். நீளக் குழலை, அங்கேயே கட்டிவைத்திருந்த சாக்கின்மேல் வைத்தான்.

"சிக்குச்சா?" என்று கேட்டாள் குரு.

"சிக்குச்சு."

"ரொம்ப நேரமா?"

"இல்லை, தாயி. கண்ணை மூடித் திறக்கிற நேரம்."

"அந்த நேரம் பத்துச்சா?"

அவன் தரையைப் பார்த்தான்.

"பத்துச்சு" என்றான்.

உள்ளே அடுப்பில் ஏதோ கொதித்தது. குரு எழுந்து போய் அதை இறக்கிவைத்துவிட்டு வந்தாள்.

"இருளாயி எப்படி இருக்கா?"

"ஊர் முழுக்கச் சொல்லிக்கிட்டுத் திரியுறா. பன்னி பாய்ஞ்சப்ப எம் புருசன் எனக்கு முன்னால வந்து நின்னாருன்னு. இத்தனை வருசத்துல என்னை மரியாதையா 'ரு' போட்டு அவ பேசினதே இல்லை."

"நின்னீங்கதானே?"

"நின்னேன்."

"அதுக்கு முன்னாடி?"

அவன் வலதுகை விரல் தானாக மடங்கியது. அதை இடதுகையால் பொத்திக்கொண்டான்.

"குழல் அவ பக்கம் திரும்புச்சுன்னு அவளுக்குத் தெரியாது" என்றான். "கொடியில மாட்டி நின்னேன்னு நினைச்சிருக்கா. தெரிய வேண்டாம், தாயி. இப்பத்தான் சந்தோசமா இருக்கா."

குரு எழுந்தாள். வீட்டுக்குள் போனாள். திரும்பி வரும்போது கையில் அந்த மஞ்சள் சேலை இருந்தது. மடித்திருந்தாள். கரி வட்டம் மேலே தெரிகிற மாதிரி மடித்திருந்தாள்.

"ஓடைக்கு வழி திறந்திருச்சுல்ல" என்றாள். "நாளைக்கு இருளாயி துவைக்கப் போவா. இதையும் அலசிப் போடச் சொல்லுங்க."

அவன் கையை நீட்டினான். பாதியில் நிறுத்தினான்.

"இது எப்படிப் பட்ட கரின்னு கேட்பாளே, தாயி."

"கேட்பா" என்றாள் குரு.