ஸ்டெல்லா விலை சொன்ன விதம்

“விலையைச் சொன்ன வாய் மூடுறதுக்குள்ள, நானே குறைச்சிருதேன்” என்றார் அருமைராஜ்.

ஸ்டெல்லா நிமிர்ந்து பார்த்தாள்.

அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. கம்பெனி வேலையை விட்டுவிட்டு, வீடுகளுக்கு உள்அலங்காரம் செய்யும் தொழிலைத் தனியாகத் தொடங்கியவர். அவளோ அவரைவிட மிகவும் இளையவள். பள்ளத்தில் இறங்கிப்போன வீடுகளை ஜாக்கி வைத்து அப்படியே மேலே தூக்குகிறவள். அவள் சொன்ன விலையைத் தூத்துக்குடியில் யாரும் பேரம் பேசிக் குறைத்ததில்லை என்று கேள்விப்பட்டு வந்திருந்தார்.

“யாரு குறைக்கச் சொன்னா?”

“யாரும் சொல்லலை. அவங்க மூஞ்சி சுருங்கும். எனக்குத் தாங்காது. போன வேலையில ஆசாரிக்குக் கூலி குடுத்ததும் கையில ஒண்ணும் நிக்கலை. இன்னொரு வேலை இப்படிப் போச்சுன்னா, பழைய முதலாளி வாசல்லதான் போய் நிக்கணும். அந்த நேரத்துல என்ன பேசணும்னு சொல்லிக்குடுங்க மேடம்.”

“நாளைக்கு மைமூன் பீவி வீட்டுக்கு வாங்க அண்ணாச்சி.”

அவ்வளவுதான் சொன்னாள்.

மைமூன் பீவியின் வீடு தெருவைவிட முழங்கால் உயரம் தாழ்ந்து கிடந்தது. மழை வந்தால் சாக்கடை கூடத்துக்குள் வந்துவிடும். தூக்குவதற்காகச் சுவரோரம் தோண்டியிருந்தார்கள்.

ஸ்டெல்லா குழிக்குள் இறங்கினாள். ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். ஒரே இடத்தை வெகுநேரம் பார்த்தாள்.

மேலே ஏறி வந்து, மைமூன் பீவியைக் கைப்பிடித்துக் குழியோரம் அழைத்துப்போனாள்.

“அஸ்திவாரம் இங்க விரிசல் விட்டிருக்கும்மா. தோண்டுறதுக்கு முன்னாடி தெரியலை. இப்படியே தூக்கினா சுவர் பிளந்திரும். அடியில கம்பி கட்டி கான்கிரீட் போடணும். எண்பதாயிரம் கூடுதலா ஆகும். வேண்டாம்னா குழியை மூடிட்டு, வாங்கின அட்வான்ஸையும் திருப்பிக் குடுத்துருதேன்.”

பிறகு அவள் பேசவில்லை.

மைமூன் பீவியின் முகம் சுருங்கியது.

அறுபதுன்னு சொல்லு, அறுபதுன்னு சொல்லிரு என்று அருமைராஜின் மனசு கத்தியது. ஸ்டெல்லாவைப் பார்த்தார். அவள் கெஞ்சவும் இல்லை, முறைக்கவும் இல்லை. சும்மா நின்றாள்.

“கொஞ்சம் குறைக்கக் கூடாதா?”

“முடியாதும்மா.”

மீன்காரர் ஒருவர் கூவிக்கொண்டே தெருவைக் கடந்துபோனார். அந்தக் கூவலும் தேய்ந்து மறைந்தது.

அருமைராஜ் வாயைத் திறந்தேவிட்டார். ஸ்டெல்லா திரும்பாமலே அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

அவள் உள்ளங்கை வியர்த்து ஈரமாக இருந்தது.

மைமூன் பீவி குழிக்குள் இன்னொரு முறை எட்டிப் பார்த்தார். “இதைச் சொல்லாமலே தூக்கியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதே.”

“சுவர் சொல்லியிருக்கும்மா.”

அந்த அம்மாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“சரி, போடும்மா.”

தெருவுக்கு வந்ததும் அருமைராஜ் கேட்டார். “உங்களுக்குமா பயம்?”

“ஒவ்வொரு தடவையும்.”

“அப்புறம் ஏன் பேசாம நின்னீங்க?”

“அது அவங்களோட நேரம் அண்ணாச்சி. சொன்ன விலை அவங்களுக்குள்ள இறங்கி உட்கார வேணாமா?”

அவருக்குப் பிடிபடவில்லை.

கான்கிரீட் இறுகிய பிறகு, ஒரு காலையில் வீட்டைத் தூக்கினார்கள். அருமைராஜும் போனார். ஸ்டெல்லா அவரை வேலை தெரிந்த ஓர் ஆளுக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் கையிலும் ஒரு ஜாக்கியைச் சுற்றும் கம்பியைக் கொடுத்தாள்.

“நான் விசில் அடிச்சதும் ஒரே ஒரு சுத்து. அடுத்த விசில் வர்ற வரைக்கும் கை சும்மா இருக்கணும்.”

விசில்.

வீட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்த எல்லோரும் ஒன்றாகச் சுற்றினார்கள். நிறுத்தினார்கள்.

ஒன்றும் நடக்கவில்லை.

அருமைராஜின் கை துறுதுறுத்தது. இன்னும் கொஞ்சம் சுற்றினால்தான் என்ன? பக்கத்து ஆள் வேண்டாம் என்று தலையாட்டினான்.

அப்போது வீடு முனகியது. சுவர், நிலை, உத்தரம் எல்லாம் சேர்ந்து சோம்பல் முறித்ததுபோல ஒரு சத்தம். அவர் ரோமம் சிலிர்த்தது. சத்தம் மெல்ல அடங்கியது. அத்தனை பாரமும் தனக்குரிய இடம் பார்த்து உட்கார்ந்ததைக் கம்பி வழியே அவர் கை உணர்ந்தது.

அதற்குப் பிறகுதான் அடுத்த விசில்.

வெயில் ஏறியபோது, சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே வெளிச்சம் கோடாக விழுந்தது. பிறகு கோடு அகன்றது. அந்தப் பக்கத்துத் தெருவில் நடந்துபோகிறவர்களின் கால்கள் தெரிந்தன. அலமாரி, கட்டில், சுவர்க் காலண்டர் சகிதம் ஒரு முழு வீடு மண்ணைவிட்டு எழுந்து நின்றது.

அருமைராஜின் கண் நிறைந்தது.

ஸ்டெல்லா அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

மூடிக்கொண்டார்.